வேதம் ஒன்று, வாதம் இரண்டு

ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: அடிமை முறையும் புராட்டஸ்டண்ட் சபைகளும். அதனால் சினிமா, தேர்தல், மாமியார் மருமகள் கேள்விகளுக்கு ஒரு வாரம் விடுமுறை.

அடிமை என்றாலே அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று பேசுகிறார்கள். நம் பக்கத்தில் அதெல்லாம் இருந்ததா?
(சாமை விவசாயி, ஜமுனாமரத்தூர்)

இருந்தது, பத்திரத்தோடு இருந்தது. தஞ்சாவூரில் பண்ணையாள், செங்கல்பட்டில் படியாள். நிலம் கைமாறினால் உழுகிற குடும்பமும் சேர்ந்து கைமாறும். மலபாரில் நிலமில்லாமல் ஆளை மட்டும் தனியாக விற்கவும் செய்தார்கள். கப்பலேற்றியதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனி, பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையில் மலிவாகக் கிடைத்த மனிதர்களை வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியது. சமவெளியில் இந்தப் பாரம் பெரும்பாலும் பறையர், பள்ளர் தலையில் விழுந்தது. உங்கள் மலையில் கொல்லையும் காடும் மலையாளிப் பழங்குடியினர் கையிலேயே இருந்ததால், பண்ணை முறை அப்படியே மலையேறவில்லை. பிற்காலத்தில் மேஸ்திரியின் அட்வான்ஸ் ஏறியது. அதற்கும் கேள்வி வந்திருக்கிறது, பொறுங்கள்.

புராட்டஸ்டண்ட் சபைகள் அடிமை முறையை எதிர்த்தனவா, ஆதரித்தனவா?
(கல்லூரி மாணவி, போளூர்)

ஆம்.

தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாக. பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் சிலர் 1688-லேயே அடிமை வைத்திருப்பதைக் கண்டித்து மனு எழுதினார்கள். அவர்களுடைய பிலடெல்பியா சபையே அடிமை வைத்திருப்போருக்கு இடமில்லை என்று முடிவெடுக்க 1776 ஆயிற்று. சாதுக்களுக்கே 88 வருடம்! இடையில் 1742-இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஒருவர், அடிமை முறை கிறிஸ்தவ சுதந்திரத்துக்கு விரோதமில்லை என்று லத்தீனில் ஆய்வுரை வாசித்தார். அவர் பெயர் யாக்கோபுஸ் காப்பிட்டைன். சிறு வயதில் அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்! அதே ஆண்டில் சபை அவரைப் போதகராக்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அதனால் ‘எதிர்த்தார்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். யார், எந்த ஆண்டில், யார் செலவில் எதிர்த்தார்கள் என்று சேர்த்துக் கேளுங்கள்.

எங்களுக்கு சி.எம்.சி. தந்தது அமெரிக்க மிஷன். அதன் தாய்ச்சபை இந்த விவகாரத்தில் எந்தப் பக்கம் நின்றது?
(ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்)

நல்ல இடத்தில் ஊசி போடுகிறீர்கள், தொழில் பழக்கம். ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853. அவர்களை அனுப்பியது நியூயார்க், நியூஜெர்சி பக்கத்து டச்சுச் சீர்திருத்த சபை. இரண்டே வருடத்தில், 1855-இல், அந்தச் சபையின் பொதுச் சினாடுக்கு ஒரு சங்கடம் வந்தது. அடிமை வைத்திருப்போர் அடங்கிய வட கரோலினாவின் சபைப் பிரிவு ஒன்று எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது. நியூ பிரன்சுவிக் போதகர் சாமுவேல் ஹவ் எழுந்து, அடிமை வைத்திருப்பது பாவமல்ல என்று நீண்ட உரை ஆற்றினார், பிறகு அதையே தலைப்பாக வைத்து அச்சிட்டும் வெளியிட்டார். கடைசியில் இணைப்பு நடக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், அங்கே மனிதனை வைத்திருப்பது பாவமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கே அதே சபையின் பிள்ளைகள் சாதி பார்ப்பது பாவம் என்று ஆரணியிலும் வேலூரிலும் கண்டிப்பாகப் போதித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுப் பாவம் எப்போதும் பளிச்சென்று தெரியும்.

இரு தரப்பும் ஒரே பைபிளை வைத்துக்கொண்டு எப்படி வாதாடினார்கள்?
(தமிழாசிரியர், ஆலங்காயம்)

நாம் ஒரே குறளை வைத்துக்கொண்டு பட்டிமன்றம் நடத்துவதில்லையா, அப்படித்தான். ஆதரித்தவர்கள் ஆபிரகாமின் வேலைக்காரர்கள், நோவாவின் சாபம், ஓடிப்போன ஒநேசிமுவைப் பவுல் எஜமானிடமே திருப்பி அனுப்பியது ஆகியவற்றைக் காட்டினார்கள். எதிர்த்தவர்கள் எகிப்திலிருந்து விடுதலை, தப்பி வந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்காதே என்னும் உபாகமச் சட்டம், தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதன் என்று பதில் சொன்னார்கள். ஒநேசிமுவை இரு தரப்பும் பிடித்திழுத்தன. சகோதரனாக ஏற்றுக்கொள் என்றும் பவுல் எழுதியிருக்கிறாரே என்பது எதிர்த்தவர்களின் துருப்புச் சீட்டு.

வாதத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். 1807-இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு. மோசே ஜனங்களை மீட்டுக் கூட்டிப்போன கதை இல்லை. எந்தப் பக்கம் ஆபத்தானது என்று கத்தரித்தவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தானே அடிமைகளை வைத்திருந்த மிஷன் ஏதாவது தமிழ்நாட்டில் வேலை செய்ததா?
(மளிகைக் கடைக்காரர், திருப்பத்தூர்)

செய்தது, எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். நாசரேத், தஞ்சாவூர், கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி எல்லாம் அதன் பணித்தளங்கள். இந்தச் சங்கத்துக்கு 1710-இல் காட்ரிங்டன் என்ற தளபதி பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்களை உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார், அடிமைகளும் சேர்த்து. ஆரம்ப காலத்தில் அந்த அடிமைகளின் மார்பில் சூடுபோட்டுச் சங்கத்தின் பெயரைப் பதித்தார்கள். சுவிசேஷம் பரப்ப ஏற்பட்ட சங்கம் இது! இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினாடு இதற்காக மன்னிப்புக் கேட்டது 2006-இல். கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தபோது அந்த அடிமைகள் விடுதலையாகிவிட்டார்கள், ஆகவே இதை அவர் கணக்கில் எழுத வேண்டாம். சங்கத்தின் கணக்கில் எழுதுங்கள்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது யாருக்கு?
(ஞாயிறு பள்ளி மாணவன், செங்கம்)

ஐந்து அடிமைகளுக்கு. 1707 மே மாதம், தரங்கம்பாடி ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தவர்கள். இந்தியாவின் புராட்டஸ்டண்ட் வரலாறு அடிமைகளிடமிருந்து தொடங்குகிறது, தம்பி. வினாடி வினாவில் கேட்டால் சட்டென்று சொல்லிவிடு. ஆனால் ஞானஸ்நானம் வேறு, விடுதலை வேறு என்பதே அந்தக் காலத்து எஜமான்களின் கணக்கு. வர்ஜீனியாவில் 1667-இல் அதைச் சட்டமாகவே போட்டார்கள்: ஆத்துமா கர்த்தருக்கு, உடம்பு முதலாளிக்கு.

வில்பர்ஃபோர்ஸ் இந்தியாவுக்கு என்ன செய்தார்?
(வழக்கறிஞர், வாணியம்பாடி)

கதவைத் திறந்தார், மிஷனரிகளுக்கு. 1807-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்ய வைத்தவர், 1813-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மிஷனரிகளை இந்தியாவுக்குள் விட வேண்டுமென்று போராடி வென்றார். 1833-இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு விதிவிலக்கு: கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இது பொருந்தாது. பாதிரியாருக்கு 1813-இல் திறந்த கதவு, படியாளுக்கு 1833-இலும் திறக்கவில்லை.

நஷ்ட ஈடு 2 கோடி பவுன், எஜமான்களுக்கு! அடிமைகளுக்குக் காலணா இல்லை. அதற்கு வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு 2015-இல்தான் முழுதாக அடைத்து முடித்தது.

அப்படியானால் இந்தியாவில் அடிமை முறை ஒழிந்தது எப்போது?
(போட்டித் தேர்வர், கணியம்பாடி)

தேர்வில் 1843 என்று எழுதுங்கள். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் சொன்னது இவ்வளவுதான்: அடிமை மீதான உரிமை கேட்டு வந்தால் கோர்ட் காது கொடுக்காது. வைத்திருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைச் சட்டத்தில் ஏறியது 1860, நடைமுறைக்கு வந்தது 1862. யாழ்ப்பாணத்தையும் சேர்த்து இலங்கையில் 1844.

தேர்வு முடிந்தபின் இதையும் படியுங்கள். கம்பெனி தயங்கியதற்குக் காரணம் நிலவரி. மிராசுதாரின் படியாள் எழுந்து போய்விட்டால் வயல் தரிசு, வயல் தரிசானால் கஜானா காலி. ஆகவே ‘இங்கே இருப்பது மென்மையான வகை’ என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மென்மை என்று எழுதியவர்களில் ஒருவரும் நாற்று நட்டதில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் லேஸ் பின்னி விடுதலை வாங்கினார்கள் என்று பாட்டி சொல்வார். நிஜமா?
(நாகர்கோவிலிலிருந்து மலைக்கு வந்த ஆசிரியை, புதூர்நாடு)

பாட்டி சொன்னது நிஜம். லண்டன் மிஷன் மால்ட் தம்பதியர் நாகர்கோவிலில் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளும் படித்தார்கள். திருமதி மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். விற்ற காசைச் சேர்த்துச் சிலர் தங்கள் எஜமானிடமிருந்து தங்களையே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் சொந்தச் செலவில் விடுதலை வாங்கியவர்கள் அவர்கள் மட்டும்தான். இதில் பெருமைப்படவும் இருக்கிறது, கோபப்படவும் இருக்கிறது.

நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 1836 கணக்கின்படி 1.6 லட்சத்துக்கு மேல் அடிமைகள். 1847-இல் மிஷனரிகள் கூட்டாக மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1853-இல் பாதி விடுதலைப் பிரகடனம், 1855 ஜூனில் முழுப் பிரகடனம். மனுவுக்கும் பிரகடனத்துக்கும் இடையே எட்டு வருடம். நம் தாலுகா ஆபீஸை இனி யாரும் திட்டாதீர்கள்.

அடிமைப் பிரச்சினையால் அமெரிக்காவில் சபைகளே உடைந்தனவாமே?
(ஆட்டோ ஓட்டுநர், ஆம்பூர்)

நடு ரோட்டில் உடைந்தன. 1844-இல் மெதடிஸ்ட்: ஜேம்ஸ் ஆண்ட்ரூ என்ற பிஷப்புக்குத் திருமண வழியில் அடிமைகள் வந்து சேர்ந்தார்கள். பதவியா, அடிமையா என்று வடக்கு கேட்டது, தெற்கு தனியே போனது. மறுபடி ஒன்று சேர்ந்தது 1939-இல். 1845-இல் பாப்டிஸ்ட்: அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்பதுதான் சண்டை. அனுப்பலாம் என்றவர்கள் தென்னகப் பாப்டிஸ்ட் சபை ஆனார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995. சரியாக 150 வருடம்.

உடையாமல் சமாளித்தவர்களின் கதை இன்னும் சுவாரசியம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்த அமெரிக்கன் போர்டு, மதுரையில் 1847 வாக்கில் கறாராக நின்றது: சாதி பார்க்காமல் சேர்ந்து உண்ணாதவருக்குச் சபையில் இடமில்லை. அதே போர்டிடம் அதே காலத்தில் பாஸ்டனில் ஒரு கேள்வி: அடிமை வைத்திருப்போரின் காணிக்கையை வாங்கலாமா? அங்கே வழவழா கொழகொழா. வெறுத்துப்போனவர்கள் 1846-இல் தனிச் சங்கம் கண்டார்கள். மதுரையில் பந்தியில் உட்காராவிட்டால் தள்ளிவைப்பு, பாஸ்டனில் பணம் கொடுத்தால் ரசீது.

சபைக்குள் சாதி போய்விட்டதா?
(கைத்தறி நெசவாளர், ஆரணி)

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள், சுவர் பதில் சொல்லும். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியைச் சபையை விட்டு உடனே அகற்றுங்கள் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் கலகம். எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். லுத்தரன் லைப்சிக் மிஷன், சாதி ஊர் வழக்கம், பொறுத்துப் போகலாம் என்றது. அதைப் பொறுக்காத கார்ல் ஓக்ஸ் என்பவர் மிஷனை விட்டே வெளியேறி டேனிஷ் மிஷனோடு சேர்ந்து மேல்பட்டாம்பாக்கத்தில் பணி செய்தார். திருவண்ணாமலையில் நீங்கள் பார்க்கிற டேனிஷ் மிஷன் பள்ளி அந்த மரபில் வந்தது. அடிமைத்தனத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இங்கே அடிமையாகப் பிறக்கச் சாதிதானே சான்றிதழ்.

பஞ்சமி நிலத்துக்கும் பாதிரிமாருக்கும் சம்பந்தம் உண்டா?
(கிராம உதவியாளர், செய்யாறு)

உண்டு, நன்றாகவே. 1880களின் கடைசியில் செங்கல்பட்டு மாவட்டத்தில் வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மிஷனரியும் ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனரியும் படியாட்களின் கடன், மனை, நிலம் ஆகியவற்றைப் பற்றி விடாமல் எழுதினார்கள். குடியிருக்கும் மனையே மிராசுதாருடையது. கூலி கேட்டால் குடிசை போகும். சட்டப்படி அடிமை முறை ஒழிந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது, ஆள் மட்டும் அதே வரப்பில். கலெக்டர் டிரெமென்ஹியர் விசாரித்து 1891-இல் அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்பது அதன் வழி வந்தது.

கௌடி, ஆண்ட்ரூ இருவரிடமும் எனக்குப் பிடித்தது இது: பாவமா, பாவமில்லையா என்று அவர்கள் இழுக்கவில்லை. பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் எல்லாத் தரப்பும் வெலவெலத்தது.

மதம் மாற்றத்தானே இவ்வளவும் செய்தார்கள்?
(ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர், அணைக்கட்டு)

மாற்ற வேண்டும் என்றுதான் கப்பலேறினார்கள், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் கிராமத்தில் வரிசை தலைகீழாக நடந்தது. பல இடங்களில் சேரி மக்களே கூட்டமாக வந்து மிஷன் கதவைத் தட்டினார்கள். கோர்ட்டுக்குப் போக, மனு எழுத, கலெக்டரைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. இதெல்லாம் ஆன்மிக வேலையா என்று பாதிரிமாரே முதலில் தயங்கினார்கள். அவர்களை வயல் வரப்புக்கு இழுத்து வந்தவர்கள் படியாட்கள். மிஷனரி மக்களை மாற்றினார் என்று ஒரு வரி எழுதினால், மக்கள் மிஷனரியை மாற்றினார்கள் என்று அடுத்த வரியும் எழுத வேண்டும்.

என் தாத்தாவின் அண்ணன் ஃபிஜிக்குப் போனார், திரும்பவில்லை. அதுவும் அடிமை முறையா?
(தோல் தொழிற்சாலை ஊழியர், பேரணாம்பட்டு)

காகிதத்தில் ஒப்பந்தம், தோட்டத்தில் சாட்டை. அடிமைகள் விடுதலையானதும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி என்று நம் வட ஆற்காட்டு ஆட்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனார்கள். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. ஃபிஜியில் ஜே.டபிள்யூ. பர்ட்டன் என்ற மெதடிஸ்ட் மிஷனரி 1910-இல் புத்தகமெழுதி இந்த முறையை அம்பலப்படுத்தினார். ஆங்கிலிக்கன் பாதிரியாக இந்தியா வந்து காந்தியின் நண்பரான சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1915-இல் நேரில் போய் விசாரித்தார். 1917-இல் ஆளெடுப்பு நின்றது, 1920-இல் மிச்ச ஒப்பந்தங்களும் ரத்து. உங்கள் தாத்தாவின் அண்ணன் வழிப் பேரன்கள் இன்று அங்கே தமிழ்ச் சங்கத்தில் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

வரலாறு போதும். இப்போது எங்கள் மலையில் நடப்பது என்ன?
(பட்டதாரி இளைஞர், காவலூர்)

இரண்டு தேதிகள் சொல்கிறேன். 1843 ஏப்ரல் 7: அடிமை முறையைக் கோர்ட் ஏற்காது என்ற சட்டம் நிறைவேறியது. 2015 ஏப்ரல் 7: திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மலைக் கிராமத்தவர்கள் அதிகம், உங்கள் ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரத்தை வெட்டச் சொன்னவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மலையில் சாமையும் புளியும் கடுக்காயும் தேனும் வருடம் முழுக்கச் சோறு போடுவதில்லை. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ பணம் நீட்டுகிற தரகர்தான் பஸ் டிக்கெட்டையும் நீட்டுகிறார். சுடப்பட்டவர் அடிமையா, கூலியா, குற்றவாளியா என்று வாதாடலாம். வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

அட்வான்ஸ் வாங்கினால் கொத்தடிமையா? நானும் என் வீட்டுக்காரியும் 40,000 வாங்கியிருக்கிறோம்.
(செங்கல் சூளைத் தொழிலாளி, ஆரணி வட்டம்)

அண்ணே, அட்வான்ஸ் வாங்கியதால் மட்டும் இல்லை. அதைக் காட்டி வெளியே போகக்கூடாது, வேறு வேலைக்குப் போகக்கூடாது, குறைந்தபட்சக் கூலி கிடையாது என்றால் அது கொத்தடிமைதான். 1976ஆம் வருடச் சட்டப்படி அந்தக் கடன் செத்துவிட்டது, திருப்பித் தர வேண்டியதில்லை. இது கொத்தடிமைக் கடன் என்று நீங்கள் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஆர்.டி.ஓ. அல்லது கலெக்டரிடம் மனு கொடுங்கள். விசாரணைக்குப் பிறகு விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், உடனடி உதவித் தொகைக்கும் அதுதான் ஆதாரம். காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். குற்றவாளிக்குத் தண்டனை மூன்று வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் அது பெரிய தொகை என்று முதலாளி வருத்தப்படுவார்.

விடுதலையானவர்கள் ஏன் திரும்பவும் அதே சூளைக்குப் போகிறார்கள்?
(சமூகப்பணி மாணவி, திருவண்ணாமலை)

1838-இல் ஜமைக்காவில் விடுதலையானவர் ஏன் அதே கரும்புத் தோட்டத்தில் நின்றாரோ, 1891-இல் செங்கல்பட்டுப் படியாள் ஏன் அதே வரப்பில் நின்றாரோ, அதே காரணம். சான்றிதழை வைத்து உலை வைக்க முடியாது.

நான் ஒரு சபையின் போதகர். இந்த ஞாயிறு இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யலாம் என்றிருக்கிறேன். ஆலோசனை?
(போதகர், ஒடுகத்தூர்)

தாராளமாகச் செய்யுங்கள், ஐயா. வில்பர்ஃபோர்ஸ் கதையைச் சொன்னால் சபை கண் கலங்கும், சாமுவேல் ஹவ் கதையைச் சொன்னால் நெளியும். இரண்டையும் சொல்லுங்கள். சனிக்கிழமையே ஒரு வேலையை முடித்துவிடுங்கள்: புதிய ஆலயத்துக்குச் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, அங்கே குடும்பத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, பொங்கலுக்கு ஊருக்கு விட்டார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் கல்லைத் திருப்பி அனுப்புங்கள். கட்டட வேலை ஆறு மாதம் தள்ளிப்போகும், கமிட்டியில் சத்தம் வரும், ஒரு பெரிய காணிக்கைக்காரர் அடுத்த சபைக்குப் போய்விடுவார். பிரசங்கத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊர் கேட்கும்.